தலையில் வைத்த கை

நடு ஆற்றில் எதுவும் தட்டக் கூடாது. அங்கே பன்னிரண்டு மீட்டர் ஆழம். பலகையின் அடியில் இறங்கும் ஃபாயிலோ ஒரே ஒரு மீட்டர். ஆனாலும் தட்டியது. கல்லில் தட்டினால் தோள்வரை அதிரும், மணல்திட்டு என்றால் நரநரவென்று உரசும், மரக்கட்டை என்றால் 'டொக்' என்று ஒரே சத்தம். எல்லாம் அவளுக்குப் பழக்கம்தான். இது அப்படி இல்லை. முனை எதற்குள்ளோ இறங்கியது. இறங்கி, ஒரு கணம் அங்கேயே தங்கி, பிறகு விடுபட்டது. பதினாலு வருஷமாக ஊசிமுனையால் சொத்தைப் பற்களைக் குத்திப் பார்க்கும் பல் டாக்டர் அவள். கெட்டியாக இருக்க வேண்டிய இடம் மெத்தென்று உள்வாங்கும்போது விரலுக்கு வருமே ஒரு அருவருப்பு, அது இப்போது இரண்டு பாதங்களின் வழியாக ஏறி வந்தது.

அடுத்த நொடி கையில் பிடித்திருந்த காற்றுப் பாய் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம்.

மூக்குக்குள் போன தண்ணீரில் சேறும் இரும்பும் அழுகிய இலையும் நாறின. மிதவைச் சட்டை அவளை மேலே தள்ளியது. இருமிக்கொண்டே வலது கையைத் தூக்கி, உள்ளங்கையைத் தலையில் வைத்துக்கொண்டாள். நூறு அடி தள்ளிப் பறந்துபோன கூட்டாளி, எல்லோரும் சித்தப்பா என்று கூப்பிடுகிறவன், அதைப் பார்த்தான், தானும் ஒரு நொடி கையைத் தலையில் வைத்தான், நிற்காமல் போய்விட்டான்.

அது அவர்களுடைய சட்டம். ஃபாயில் என்பது பலகையின் அடியில் இருக்கும் ஒரு தண்டு, நுனியில் சின்ன விமானத்துக்கு இருப்பது போல இரண்டு இறக்கை. காற்றில் பாய் இழுத்து வேகம் கூடினால் பலகை தண்ணீரை விட்டு எழும்பிவிடும். அப்புறம் அலை இல்லை, குலுக்கல் இல்லை, மெல்லிய முனகலோடு பறக்க வேண்டியதுதான். ஆனால் ஒரு தடவை நின்றால் மறுபடி எழும்புவதற்குள் பிராணன் போய்விடும். எவனாவது விழுந்தால் ஒவ்வொரு முறையும் மற்றவர்கள் நின்று விசாரித்து விசாரித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீணாய்ப் போனது. அதற்கப்புறம்தான் சித்தப்பா இதைச் சொன்னான். தலையில் கை இருந்தால் ஆள் நலம், யாரும் நிற்க வேண்டாம். இரண்டு கையையும் வீசினால் மட்டும் வா. நாலு வருஷமாக இதில் ஒரு பிசகும் வந்ததில்லை.

சித்தப்பாவுக்கு வயது முப்பத்தைந்துதான். இருபத்தைந்திலேயே தலை வழுக்கையானதால் அந்தப் பெயர். குளியலறைக் குழாய், பீங்கான் எல்லாம் விற்கிற கடை வைத்திருந்தான், வேனும் அவனுடையது. இன்னொருவன் நெட்டை, பள்ளிக்கூட வாத்தியார். நாலாவது ஆள் அவளுடைய தம்பி. மருந்துக்கடைக்காரன், இந்த விளையாட்டுக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. வீட்டில் ஏழு மாதக் குழந்தை. காலையில் அவனை ஏற்றிக்கொள்ளப் போனபோது அவன் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல்வரை வந்தாள்.

"அண்ணி, இவரைப் போற மாதிரியே முழுசா கொண்டு வந்து விட்டுடுங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கண் மட்டும் சிரிக்கவில்லை.

அவள் கரைக்கு வந்தபோது மற்ற மூன்று பேரும் சிமெண்டுச் சரிவில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். பின்னால் பூட்டிக் கிடக்கிற ஒரு கிடங்கு. அதன் தகரம் காற்றில் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. அரை கிலோமீட்டர் அகல ஆற்றுக்கு அந்தப் பக்கம் வெறும் சேறும் நாணலும் ஒரு மொட்டை மரமும்தான். ரோடு கிடையாது, வீடு கிடையாது, ஒரு மனுஷன் கிடையாது.

"என்ன டாக்டரே, ஆத்துக்கே பல்லு புடுங்கிட்டு வர்றீங்களா?" என்றான் சித்தப்பா.

"நடுவுல ஏதோ இருக்கு. மெத்துனு."

"நடுவுலயா? பன்னெண்டு மீட்டருங்க. மேப்ல போட்டிருக்கான்," என்றான் நெட்டை. "மீனா இருக்கும்."

"மீன் நின்னு வாங்கிக்குமா?"

சித்தப்பா வாயில் ரொட்டியோடு சிரித்தான். தம்பி சிரிக்கவில்லை. கையிலிருந்த ரொட்டியை அவன் கடிக்கவே இல்லை என்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

"எனக்கும் ஆச்சுக்கா," என்றான். "ரெண்டு தடவை. தட்டின மாதிரி இல்ல. புடிச்சுப் பாத்துட்டு விட்ட மாதிரி."

அந்த இடத்தில் அவள் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். 'சரிடா, போதும், கிளம்பலாம்' என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மற்ற இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தன் தம்பி அவர்கள் எதிரில் பயந்தாங்கொள்ளி மாதிரி உட்கார்ந்திருந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. தன் பாதத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த அந்த அருவருப்பை மறைக்கவும் அவளுக்கு ஏதாவது ஒன்று தேவைப்பட்டது.

"பயமா இருந்தா சொல்லிடு. வண்டியில உக்காந்து பாட்டுக் கேளு. நாங்க வந்து எழுப்புறோம்."

"ஆழம் தெரியாம காலை விடாதேன்னு சொல்லுவாங்க," என்று சித்தப்பா எடுத்துக்கொடுத்தான். "நம்ம தம்பிதான் ஆழம் தெரிஞ்சதும் பயந்துட்டாரு."

தம்பியின் காதுமடல் சிவந்தது. ரொட்டியை வைத்துவிட்டு எழுந்து, சிவப்பு ஹெல்மெட்டை மாட்டி, பலகையைத் தண்ணீரில் இறக்கினான். அவளுடைய வாய்க்கொழுப்பு, வேறென்ன! அவன் நடு ஆற்றை எட்டும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். ஆனாலும் கூப்பிடவில்லை.

நாலு மணிக்குமேல் ஆறு திரும்பியது. காலையிலிருந்து உள்ளே ஏறிக்கொண்டிருந்த கடல்தண்ணீர் இப்போது வந்த வழியே இறங்கத் தொடங்கியது. கரையோரக் கற்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. நுரையும் சருகும் காலிப் புட்டிகளும் நடு ஆற்றில் வரிசையாகக் கடலை நோக்கிப் போயின. இன்னும் ஒரு மணி நேரம் ஓட்டலாம், அதற்குமேல் நிற்கக் கூடாது என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். சூரியன் எதிர்க்கரைப் பக்கம் சாய்ந்து, தண்ணீர் முழுக்கக் கண் கூசுகிற வெளிச்சமாகக் கிடந்தது.

எதிர்க்கரையை நோக்கிப் போகும்போது நடு ஆற்றில் ஒரு தலையைப் பார்த்தாள். கழுத்தளவுத் தண்ணீர். தலையில் கை. தம்பி விழுந்துவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்தாள். தானும் கையைத் தலையில் வைத்துக் காட்டிவிட்டு, நிற்காமல் போனாள்.

திரும்பி வரும்போதும் அதே தலை, அதே கை. ஹெல்மெட் இல்லை. நனைந்த கருப்பு முடி மட்டும் தெரிந்தது. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டானா, மடையன்! என்மேல் இருக்கிற கோபத்தில் வேண்டுமென்றே மிதந்துகொண்டிருக்கிறான், சின்ன வயதிலிருந்தே இப்படித்தான், கோபம் வந்தால் கல்லுளிமங்கன். கரைக்கு வரட்டும், பேசிக்கொள்கிறேன். எங்கிருந்தோ ஒரு சத்தம் வந்த மாதிரி இருந்தது. கிடங்கின் தகரமாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

மூன்றாவது தடவை கொஞ்சம் பக்கத்தில் போனாள்.

பலகையைக் காணோம். பாயையும் காணோம். தலை மட்டும்தான். முகம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. கை தலையில் அப்படியே இருந்தது. விரல்கள் அசையவில்லை. ஒரு காலிப் புட்டி ஆற்றோடு வந்து, அந்தப் பிடரியில் முட்டி, சுற்றிக்கொண்டு போயிற்று.

பிறகு சருகுகள் போயின. நுரை போயிற்று. எல்லாம் கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. அந்தத் தலை போகவில்லை.

மூன்று தடவையும் அதே இடம். கரையில் இருந்த கிடங்குக்கும் எதிர்க்கரையில் இருந்த மொட்டை மரத்துக்கும் நேர்க்கோட்டில், அங்குலம் பிசகாமல். ஆறு அந்தக் கழுத்தின் இரண்டு பக்கமும் பிரிந்து, பின்னால் சின்னச் சுழலாகக் கூடியது, பாலத்தூணைச் சுற்றி ஓடுகிற மாதிரி. இந்த இழுப்பில் மிதக்கிற எதுவும் ஒரு இடத்தில் இருக்காது. கட்டிப்போட்டிருந்தால் இருக்கும். இல்லாவிட்டால் தரையில் கால் ஊன்றி நிற்க வேண்டும்.

பன்னிரண்டு மீட்டர்.

அவள் பாயைக் கரைப்பக்கம் திருப்பினாள். அந்தத் தலை திரும்புவதற்குள் இங்கிருந்து போய்விட வேண்டும், வேறெதுவும் வேண்டாம் என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம்தான் உறைத்தது. அது அவன் இல்லையென்றால், அவன் எங்கே?

எதிர்க்கரை நாணலோரம், வெகுதூரம் கீழே, ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது.

தம்பி முழங்கால்வரை சேற்றில் புதைந்து, பலகையைக் கட்டிக்கொண்டு கிடந்தான். முகம் வெளுத்திருந்தது. விழும்போது ஃபாயிலின் இறக்கை கெண்டைக்காலைக் கிழித்திருந்தது. சேற்றில் ரத்தம் கருப்பாகக் கலந்து ஓடியது. அவள் தன் இடுப்புப் பட்டையைக் கழற்றி இறுக்கிக் கட்டினாள். முடிச்சு இரண்டு தடவை விரலிலிருந்து வழுக்கியது. தினமும் ரத்தம் பார்க்கிற விரல்.

"மூணு தடவை போனக்கா," என்றான். தொண்டை கட்டியிருந்தது. "ரெண்டு கையையும் வீசினேன். கத்தினேன். நீ நடுவுல பாத்து கையைத் தலையில வெச்சுட்டு வெச்சுட்டுப் போன."

"நீன்னு நினைச்சேன்டா."

அவன் தலையைத் தூக்கி ஆற்றைப் பார்த்தான்.

"நடுவுல ஒருத்தன் நிக்கிறான்கா."

"அங்க நிக்க முடியாதுடா."

"தெரியும்."

அப்போது காற்று நின்றது. ஒரேயடியாக. நாணல் அசைவது நின்றது, அந்தக் கரையில் தகரம் அடிக்கிற சத்தமும் நின்றது. ஆறு ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

காற்றில்லாமல் பாயால் ஒரு பிரயோஜனமும் இல்லை. போன் இரண்டும் வேனில். இந்தக் கரையில் நடக்கவும் முடியாது. ஒவ்வொரு அடிக்கும் சேறு இடுப்புவரை இழுத்தது. இருந்து பார்க்கலாம் என்றால் கட்டின பட்டையை மீறி ரத்தம் கசிந்துகொண்டிருந்தது, அவன் உதடு நீலமாகத் தொடங்கியிருந்தது. தண்ணீர் இன்னும் இறங்கினால் பலகையைத் தள்ளிக்கொண்டு போகக்கூட வழியிருக்காது. தம்பி மனைவி வாசலில் நின்று சொன்னது அவள் காதிலேயே இருந்தது.

பாய்களைக் கழற்றி, தன் பலகையோடு நாணலில் போட்டாள். அவனை அவன் பலகையில் குப்புறப் படுக்க வைத்தாள். பின்னால் பிடித்துக்கொண்டு, காலை உதைத்து நீந்தித் தள்ளுவதென்று முடிவு செய்தாள். அந்த இடத்துக்கு மிகவும் கீழே இருக்கிறோம், அதைத் தாண்ட வேண்டியதில்லை. அப்படித்தான் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

"கண்ணை மூடிக்கோ. கரை வந்ததும் சொல்றேன்."

"நீ கீழ பாக்காதக்கா."

பார்க்கவில்லை. கலங்கல் தண்ணீரில் பார்க்கவும் எதுவும் இல்லை. ஆனால் காலுக்குக் கண் முளைத்துவிட்டது. ஒவ்வொரு உதையிலும் கீழே இருந்த அத்தனை ஆழமும் பாதத்தில் தெரிந்தது. மேலே வெதுவெதுப்பு, முழங்காலுக்குக் கீழே சில்லென்று ஒரு நீரோட்டம். அதற்கும் கீழே இன்னொன்று. உள்ளங்காலை ஏதோ தொட்டது. இலை. இலைதான்.

கால்வாசி தூரம் வந்ததும் எதிரே, மேல்பக்கமாக, கிடங்குக் கரை தெளிவாகத் தெரிந்தது. வேன். சிமெண்டுச் சரிவில் சித்தப்பா, கண்ணுக்கு மேல் கையைக் குடை பிடித்து இவர்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பலகையை விட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கி வீசினாள். "சித்தப்பா! டேய்! இங்க!"

சூரியன் அவளுக்குப் பின்னால் இருந்தது. அவன் பார்வைக்கு ஆறு முழுக்க வெளிச்சம், நடுவில் கருப்புப் புள்ளிகள். அவ்வளவுதான் தெரியும். அவள் குரலை வேனில் ஓடிய பாட்டு அமுக்கியிருக்கும்.

அவளுக்கும் கரைக்கும் நடுவே தண்ணீர் பிளந்தது. சத்தமில்லை. ஒரு பிடரி எழுந்தது. பிறகு ஒரு கை எழுந்தது, நீளமாக, மெதுவாக. எழுந்து தலையில் உட்கார்ந்தது.

"இல்ல! சித்தப்பா! அது நான் இல்ல!"

சித்தப்பா சிரித்தான். அவ்வளவு தூரத்திலும் பல் தெரிந்தது. தன் வழுக்கைத் தலையில் உள்ளங்கையை வைத்துக் காட்டினான். முதுகைத் திருப்பி, பாயைச் சுருட்டி, வேனின் பின்கதவைத் திறந்து, நெட்டையிடம் என்னமோ சொன்னான். நெட்டையும் சிரித்தான்.

அடப்பாவிகளா.

திரும்பிப் பார்த்தபோது அந்தத் தலை இல்லை. தண்ணீர் மூடிக்கொண்டிருந்தது.

"அக்கா, என்ன?"

"ஒண்ணுமில்ல. கண்ணைத் திறக்காத."

பாய்ந்து பலகையைப் பிடித்தாள். உதைத்தாள். மூச்சு வாங்கியது. இன்னும் தொள்ளாயிரம் அடி. எண்ணூற்றைம்பது. கரையைப் பார்த்தே உதைத்தாள். சித்தப்பாவின் சட்டை நிறத்தைப் பார்த்தே உதைத்தாள். ஒரு புட்டி பக்கத்தில் வந்தது. அவளைத் தாண்டிப் போயிற்று. பிறகு சருகு. பிறகு நுரை. எல்லாம் அவளைத் தாண்டிப் போயிற்று.

அவள் நின்றுகொண்டிருந்தாள். பலகை நின்றுகொண்டிருந்தது.

உதைத்தாள். அசையவில்லை. ஆறு பலகையின் இரண்டு பக்கமும் பிரிந்து ஓடியது.

"அக்கா, யாரோ கையைப் பிடிக்கிறாங்க."

"நான்தான்டா. நான்தான் பிடிச்சிருக்கேன்."

"ரெண்டு கையையும்கா."

அவளுடைய இரண்டு கையும் பலகையின் பின் விளிம்பில் இருந்தன. அவனுடைய கைகள் முன்னால், இரண்டு பக்கமும் தண்ணீருக்குள் தொங்கிக்கொண்டிருந்தன. மணிக்கட்டுவரை தெரிந்தது. அதற்கப்புறம் தெரியவில்லை.

பலகை எழும்பியது.

காற்று இல்லை. பாய் இல்லை. வேகம் இல்லை. மாவு பொங்குகிற மாதிரி மெதுவாக, ஒரு பக்கமும் சாயாமல் எழும்பியது. விளிம்பு அவள் மோவாயைத் தாண்டியது. கண்ணைத் தாண்டியது. கை தலைக்குமேல் நீண்டது. விரல் நுனிகள். பிறகு அதுவும் இல்லை.

அடியில் இருந்த தண்டு முழுக்க வெளியே வந்தது. அதன் நுனியில் இருந்த இறக்கைகளும் தண்ணீர் சொட்டச் சொட்ட வெளியே வந்து அந்தரத்தில் தொங்கின. பலகையைத் தூக்கியது அவை இல்லை.

நாலு மூலைக்கும் ஒரு தலை. பிறகு கழுத்து. பிறகு தோள்கள், பலகையின் கீழே வாகாகக் கொடுத்த தோள்கள். பிறகு முதுகு. சேறு வழிய வழிய, இடுப்புவரை வந்து நின்றார்கள். பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில், இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிறவர்கள் மாதிரி நின்றார்கள். ஒருவர்கூட அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"குதிடா! குதிச்சிடு!"

அவனால் முடியவில்லை. இரண்டு மணிக்கட்டும் பிடியில் இருந்தன. காயம் பட்ட கால் மட்டும் உதறியது. அவன் கண்ணைத் திறந்துவிட்டான்.

பின்னால் நின்ற இருவரில் ஒருவன் தோளைச் சற்று மாற்றிக்கொண்டான். பாரம் சரியாக உட்கார்ந்ததும் நால்வரும் சேர்ந்து முதல் அடியை எடுத்து வைத்தார்கள்.

அவள் நீந்தினாள். கத்தினாள். தண்ணீரைக் குடித்தாள், துப்பினாள், நீந்தினாள். இடைவெளி குறையவே இல்லை. அவர்கள் அவசரப்படவும் இல்லை. கரையில் வேனின் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

கடைசியாகத் தூக்கிக்கொண்டு போக நாலு பேர் வேண்டும் என்பார்கள். நாலு பேர் இருந்தார்கள். ஒரே சீராக, கால் மாற்றாமல், வெளிச்சம் கொட்டிக் கிடந்த ஆற்றின் நடுவே கடல் பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள்; அவர்கள் தோளுக்குமேல் தம்பி உயிரோடு, கழுத்தை வளைத்து அவளையே பார்த்து, "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டே போனான்.